கடலை வெளியே நிறுத்திய கரை

பெங்களூர்க்காரர்கள் கயானாவை நேரில் பார்த்தது 1974 நவம்பரில், கிரிக்கெட் மைதானத்தில். இன்று சின்னசாமி ஸ்டேடியம் என்று அழைக்கப்படும் இடத்தில் நடந்த முதல் டெஸ்ட் அது. கார்டன் கிரீனிட்ஜும் விவியன் ரிச்சர்ட்ஸும் அறிமுகமான ஆட்டம். மேற்கிந்தியத் தீவுகள் அணியின் கேப்டனாக முதல்முறை களமிறங்கிய கிளைவ் லாயிட் ஜார்ஜ்டவுன்காரர். இரண்டாவது இன்னிங்ஸில் 163 அடித்தார். முதல் இன்னிங்ஸில் 124 அடித்த ஆல்வின் காளிச்சரணும் கயானாவில் பிறந்தவர்தான். அல்சூரிலும் சிவாஜி நகரிலும் டிரான்சிஸ்டரைக் காதோடு ஒட்டிவைத்து கமென்ட்ரி கேட்ட பையன்கள், இந்தப் பெயர் எப்படி அந்த அணிக்குள் போனது என்று ஒரு நிமிஷமாவது யோசித்திருப்பார்கள். அடுத்த விக்கெட் விழுந்ததும் அந்த யோசனையும் விழுந்திருக்கும்.

பெயரில் 'தீவுகள்' இருப்பதால் வரும் குழப்பம் ஒன்று உண்டு. கயானா தீவு அல்ல. தென் அமெரிக்கக் கண்டத்தின் வடகிழக்கு ஓரத்தில், வெனிசுவேலாவுக்கும் சூரினாமுக்கும் நடுவே, அட்லான்டிக்கைப் பார்த்தபடி இருக்கிறது. சின்ன நாடு என்று சொல்வதிலும் ஒரு சிக்கல். வரைபடத்தில் அது கர்நாடகத்தைவிடக் கொஞ்சம் பெரியது: சுமார் 2,15,000 சதுர கிலோமீட்டர். ஆனால் மக்கள்தொகை 10 லட்சத்துக்கும் குறைவு. பெங்களூரில் நாலைந்து பேட்டைகளைச் சேர்த்தால் வந்துவிடும் கூட்டம். அதிலும் பத்தில் ஒன்பது பேர் கடலோரமாக ஓடும் ஒரு ஒல்லியான பட்டையில்தான் குடியிருக்கிறார்கள். மிச்ச நாடு முழுக்கக் காடு, ஆறு, அருவி. ஆக, கயானாவில் வாழ்வது என்றால் நடைமுறையில் அந்தக் கடலோரப் பட்டையில் வாழ்வது.

அந்தப் பட்டை கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது என்பதுதான் விஷயம்.

பெங்களூரிலிருந்து நேர் விமானம் கிடையாது. லண்டன், நியூயார்க், மயாமி என்று ஏதாவது ஒரு வழியில் மாறிப் போக வேண்டும். காத்திருப்பையும் சேர்த்தால் இரண்டு நாள் கரைந்துவிடும். கிளம்புமுன் மறக்கக் கூடாதது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. போவதற்கு மட்டுமல்ல, திரும்பி வருவதற்கும் அந்தச் சான்றிதழ் வேண்டும். அது இல்லாமல் கயானாவிலிருந்து வந்து இறங்கினால் இந்திய விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்தி உட்கார வைத்துவிடுவார்கள். கடிகாரத்தை ஒன்பதரை மணி நேரம் பின்னால் தள்ளி வைக்க வேண்டும்.

விமான நிலையம் டிமேரியில் இருக்கிறது. ஜார்ஜ்டவுன் அங்கிருந்து 41 கிலோமீட்டர். டிமெராரா ஆற்றை ஒட்டி வரும் சாலையில் இடதுபக்கமாகத்தான் வண்டி ஓட்டுகிறார்கள். ஆங்கிலேயன் விட்டுப்போன வழக்கம். தென் அமெரிக்காவிலேயே ஆங்கிலத்தை ஆட்சிமொழியாகக் கொண்ட ஒரே நாடும் இதுதான். மினி பஸ்களுக்கு நம்பர் உண்டு. விமான நிலையத்துப் பக்கம் ஓடுவது 42. காதைக் கிழிக்கும் பாட்டு டிக்கெட்டோடு இலவசம். வழியில் பிராவிடென்ஸ் ஸ்டேடியம் வரும். 2007 உலகக் கோப்பைக்காக இந்திய அரசின் உதவியோடு கட்டியது. 2024 ஜூனில் இந்தியா டி-20 உலகக் கோப்பை அரையிறுதியில் இங்கிலாந்தை இங்கேதான் தோற்கடித்தது.

வெயில் பழகிய வெயில். ஜார்ஜ்டவுன் ஏழு டிகிரி வடக்கு அட்சரேகைக்குப் பக்கத்தில், அதாவது கன்னியாகுமரிக்கும் தெற்கே இருக்கிறது. தென்னை, மா, வாழை, முற்றத்தில் செம்பருத்தி. முதல் நாள் பார்க்கிறவருக்கு நாகப்பட்டினத்துப் பக்கம் வந்துவிட்ட பிரமை தட்டும். கடற்கரைக்குப் போனால் பிரமை கலையும். தண்ணீர் நீலமாக இல்லை, பழுப்பு நிறம். அமேசான் ஆறு கொண்டுவந்து கொட்டும் சேறு, கரையோரமாகவே மேற்கு நோக்கி நகர்ந்து வருகிறது. பெரிய பெரிய சேற்றுத் திட்டுகளாக அது ஊர்ந்து போகும். திட்டு எந்த ஊருக்கு எதிரே இருக்கிறதோ, அந்த ஊரில் அலை அடங்கியிருக்கும், கண்டல் மரங்கள் முளைக்கும். திட்டு நகர்ந்துவிட்டால் அலை நேராகச் சுவரில் வந்து மோதும். சுமார் முப்பது வருஷத்துக்கு ஒரு சுற்று என்கிறார்கள் ஆராய்ந்தவர்கள். ஒரு தலைமுறைக்குக் கடல் சாதுவாக இருக்கும். அடுத்த தலைமுறை வேறு கடலைப் பார்க்கும்.

சுவர் என்று சொன்னது உருவகம் இல்லை. ஜார்ஜ்டவுனில் நிஜமாகவே கடலுக்கு ஒரு மதில் எழுப்பியிருக்கிறார்கள். 1855-இல் கடல் உள்ளே புகுந்த பிறகு தொடங்கிய வேலை 1892 வரை நடந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊரே அந்தச் சுவரின் மேல்தான் இருக்கும். காற்று வாங்க, கடலை கொறிக்க, காதலிக்க, அரசியல் பேச. ஈஸ்டருக்குக் காற்றாடி விடுவதும் அங்கேதான். சுவரில் உட்கார்ந்து ஒருபக்கம் கடலையும் மறுபக்கம் ஊரையும் மாறி மாறிப் பார்த்தால், கடல் ஏற்றத்தின்போது எது உயரத்தில் இருக்கிறது என்பது சட்டென்று விளங்கும். மெரினாவிலோ மங்களூரிலோ இந்த அனுபவம் கிடைக்காது.

இந்த ஏற்பாட்டைத் தொடங்கியவர்கள் டச்சுக்காரர்கள். சொந்த நாட்டிலேயே கடலைத் தள்ளிவைத்துப் பழகியவர்கள். முன்னால் கடல் தடுப்பு, பின்னால் ஏரி போன்ற பெரிய நீர்த்தேக்கம், நடுவே வாய்க்கால்களால் கோடு கிழித்த வயல்கள். ஒவ்வொரு வாய்க்கால் முடிவிலும் ஒரு மதகு. அதற்குப் பெயர் கோக்கர், டச்சுச் சொல். மரச்சட்டத்தில் தொங்கும் பெரிய பலகை. கடல் வற்றும் நேரத்தில் பலகையைத் தூக்கினால் ஊரின் மழைத் தண்ணீர் வெளியே ஓடும். ஏற்றம் தொடங்குமுன் இறக்கிவிட வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, பகலிலும் இரவிலும். மதகுக்காரர் அசந்தால் கடல் ஊருக்குள் வந்துவிடும். கயானாவில் பலருக்கும் தெரியாத, ஆனால் எல்லோரும் நம்பியிருக்கிற மனிதர் அவர்தான்.

டச்சுக்காரர்கள் திட்டம் போட்டார்கள், வெட்டியது யார்? கயானாவின் சரித்திர ஆசிரியர் வால்டர் ராட்னி இதற்கு ஒரு கணக்கை எடுத்துக் காட்டினார். 1940-களின் கடைசியில் சர்க்கரைத் தொழிலை ஆராய வந்த வென் கமிஷனின் கணக்கு அது. ஒரு சதுர மைல் கரும்பு வயலுக்கு 49 மைல் வடிகால், அதோடு 16 மைல் பாசன, படகு வாய்க்கால். இதற்காகத் தோண்டி அள்ளிய மண் குறைந்தது 10 கோடி டன். அத்தனையும் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்ட அடிமைகள், இடுப்பளவு சேற்றில் நின்று, மண்வெட்டியால் அள்ளியது. ராட்னி 1980-இல் ஜார்ஜ்டவுனில் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். அவருடைய புத்தகம் அடுத்த வருஷம் வெளிவந்தது. கயானாவைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் கைட்டூர் அருவியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். 741 அடி உயரத்திலிருந்து ஒரே தாவாக விழும் அற்புதம்தான், சந்தேகமில்லை. ஆனால் மனிதன் செய்த அற்புதம் கடற்கரையில் தட்டையாகப் படுத்துக் கிடக்கிறது. யாரும் அதைப் படமெடுப்பதில்லை.

இந்த மண்ணில் தங்கி வாழ்கிறவர் முதலில் கற்றுக்கொள்வது வீட்டின் கீழே வாழ. வெள்ளத்துக்குப் பயந்து வீடுகளைத் தூண்களின் மேல் கட்டினார்கள். கீழே கிடைக்கும் திறந்த நிழலுக்கு 'பாட்டம் ஹவுஸ்' என்று பெயர். மேலே படுக்கையறை, வாழ்க்கை முழுக்கக் கீழே. ஊஞ்சல் மாதிரி ஒரு வலைத்தொட்டில், அடுப்பு, சைக்கிள், பாடப் புத்தகத்தோடு குழந்தைகள், வேலை முடிந்து வந்து உட்காரும் அக்கம்பக்கத்தார். கல்யாணமும் அங்கேதான், கருமாதியும் அங்கேதான். திண்ணையை இழந்த தமிழர்களுக்குப் பொறாமை வரும். இப்போது பணம் வந்தவர்கள் அந்த இடத்துக்குச் சுவர் எழுப்பி அறையாக்கி ஏ.சி. மாட்டுகிறார்கள். வெள்ளம் வரும்போது நஷ்டமும் அந்த அளவுக்குக் கூடுகிறது.

சௌகரியங்கள் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. குழாய்த் தண்ணீர் பல இடங்களில் இரும்புச் சத்தால் பழுப்பேறி வரும். வீட்டுக்கு வீடு கறுப்புத் தொட்டியில் மழைத்தண்ணீர் பிடிக்கிறார்கள். மின்சாரம் போகும், வரும். கடலோரத்தில் கொசுவும் டெங்குவும். காட்டுப் பக்கம் போனால் மலேரியா. தலைநகரில் சில பகுதிகளில் இருட்டிய பிறகு நடக்க வேண்டாம் என்று உள்ளூர்க்காரர்களே சொல்வார்கள். எண்ணெய்ப் பணம் வந்ததிலிருந்து வீட்டு வாடகையும் கறிகாய் விலையும் மேலே போய்விட்டன.

சாப்பாடு வேறு கதை. காராமணியும் தேங்காய்ப் பாலும் சேர்த்து ஒரே சட்டியில் ஆக்கும் 'குக்-அப்' ஆப்பிரிக்க வம்சாவளியினரின் கொடை. மரவள்ளிச் சாற்றைச் சுண்டக் காய்ச்சிய கறுப்புக் குழம்பில் நாள்கணக்காக இறைச்சியைப் போட்டு வைக்கும் 'பெப்பர்பாட்' பழங்குடிகளுடையது. இந்தியர் வீட்டு விசேஷத்தில் 'ஏழு கறி': பூசணி, பருப்பு, கீரை, மாங்காய் என்று ஏழு வகை, சோற்றோடு. பரிமாறுவது வாழை இலையில் அல்ல, வாய்க்காலில் பறித்த தாமரை இலையில். வட்ட இலை, குழம்பு ஓடினால் பிடித்து நிறுத்த விளிம்பு கிடையாது. வேகமாகச் சாப்பிடத் தெரிந்தவனுக்கே ஏழும் கிடைக்கும்.

ஜார்ஜ்டவுனை ஒரு நாளில் பார்த்துவிடலாம். மரத்தாலான செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், இரும்புக் கடிகாரக் கோபுரத்தோடு ஸ்டாப்ரோக் மார்க்கெட், மழையை நிறுத்திக் காற்றை மட்டும் விடும் சாய்வுப் பலகை ஜன்னல்கள், தெருவுக்கு நடுவே வாய்க்கால்கள். மரவீடுகள் ஒவ்வொன்றாக இடிந்து கண்ணாடிக் கட்டடங்கள் எழுகின்றன. பெங்களூரின் பழைய பங்களாக்களுக்கு நேர்ந்ததைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கிழக்கே பெர்பீஸ் நோக்கிப் போகும் சாலைதான் நாட்டின் முதுகெலும்பு. ஊர்ப் பெயர்களை வாசித்துக்கொண்டே போனால் ஒரு நாவல் படித்த மாதிரி இருக்கும். 'வெற்றி', 'சொர்க்கம்', 'நல்ல நம்பிக்கை', 'பிரம்மச்சாரியின் துணிகரம்' என்றெல்லாம் அர்த்தம் வரும் பெயர்கள். தோட்ட முதலாளிகள் தங்கள் கனவுகளுக்கு வைத்த பெயர்கள் அவை. கனவு கலைந்து தோட்டம் போனாலும் ஊர் நின்றுவிட்டது. சில ஊர்களை விடுதலை பெற்ற அடிமைகள் காசு சேர்த்து வாங்கினார்கள். 1839-இல் 83 பேர் கூடி வாங்கிய விக்டோரியா அப்படிப்பட்டது. பெர்பீஸ் ஆற்றைத் தாண்டி கோரன்டைன் கரைக்குப் போனால் பெயர்களும் தீர்ந்துபோகும்; வெறும் நம்பர்தான். நம்பர் 63 கிராமம் என்றால் எல்லோருக்கும் தெரியும், அங்கே நல்ல மணல் கடற்கரை இருக்கிறது.

இந்தப் பகுதியில்தான் போர்ட் மொரன்ட். ஒரு சர்க்கரைத் தோட்டத்து ஊர். 1958-59-இல் இந்தியா வந்த மேற்கிந்திய அணியில் இந்த ஒரே ஊரிலிருந்து மூன்று பேட்ஸ்மேன்கள்: ரோஹன் கன்ஹாய், பேசில் புட்சர், ஜோ சாலமன். கல்கத்தாவில் 256 அடித்த கன்ஹாய், அடுத்து சென்னையில் 99-இல் ரன் அவுட். பின்னாளில் ஜனாதிபதியான சேடி ஜெகனும் இந்த ஊர்த் தோட்டத் தொழிலாளி மகன். கொஞ்ச தூரத்தில் ஆல்பியன், விம். ஆல்பியனில் பிறந்த சுழல் பந்துவீச்சாளர் ஒருவர் 2012-இல் மேற்கிந்திய அணிக்கு ஆடத் தொடங்கினார். ஆங்கிலத்தில் அவர் பெயரை எழுதி டெலிவிஷனில் காட்டியபோது தமிழ் ரசிகர்கள் ஒருமுறை கண்ணைத் தேய்த்துக்கொண்டு படித்தார்கள்: வீராசாமி பெருமாள்.

கயானாவில் இந்தியர்கள் வந்து இறங்கிய தேதி 1838 மே 5. அடிமை முறை ஒழிந்து கூலிக்கு ஆள் கிடைக்காத தோட்ட முதலாளிகளுக்காக, பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான கிளாட்ஸ்டனின் தகப்பனார் கல்கத்தாக் கம்பெனி ஒன்றுக்கு எழுதிய கடிதத்தில் தொடங்கிய வியாபாரம். விட்பி, ஹெஸ்பரஸ் என்ற இரண்டு கப்பல்களில் தொடங்கி 1917 வரை சுமார் 2,39,000 பேரை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோனார்கள். மிகப் பெரும்பாலோர் பீகாரையும் கிழக்கு உத்தரப் பிரதேசத்தையும் சேர்ந்தவர்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்கள் சுமார் 15,000 பேர்தான், பெரும்பாலும் 1845-க்கும் 1860-களின் தொடக்கத்துக்கும் இடையில். தமிழரும் தெலுங்கரும் கலந்த கூட்டம். கப்பல் புறப்பட்ட ஊரை வைத்து எல்லோருக்கும் ஒரே பெயர்: மதராஸி. பெங்களூரில் இந்தச் சொல்லை வடக்கத்தியர் வாயிலிருந்து கேட்டு முகம் சுளித்தவர்கள் உண்டு. அங்கே அதைச் சற்றுப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறார்கள்.

தொடக்கத்தில் பெருமை இருந்ததாகத் தெரியவில்லை. தோட்ட முதலாளிகளின் பதிவுகளில் மதராஸிகள் குடிகாரர்கள், ஊர்சுற்றிகள், அடங்காதவர்கள். வடநாட்டுக் கூலிகளுக்கும் அவர்கள் கறுத்த, கறி தின்கிற, வேறு சாமி கும்பிடுகிற ஆட்கள். நூற்றுக்கு ஆறு ஏழு பேர் என்ற கணக்கில் தோட்டம் தோட்டமாகச் சிதறடிக்கப்பட்டவர்களுக்குள் மொழி எத்தனை நாள் நிற்கும்? தமிழை ஆங்கிலம் தின்றது என்று சொல்வது வழக்கம். கயானாவில் அது முழு உண்மை இல்லை. முதல் வாயைக் கடித்தது போஜ்புரி. மேஸ்திரியோடு பேச, பக்கத்து லைனில் கடன் கேட்க, பெண் கொடுத்துப் பெண் எடுக்க அந்த மொழிதான் வேண்டியிருந்தது. தாத்தா 'ஆஜா' ஆனார், பாட்டி 'ஆஜி' ஆனாள். பிறகு மிஷன் பள்ளிக்கூடமும் தெருவின் கிரியோல் ஆங்கிலமும் வந்து போஜ்புரியையும் சேர்த்து விழுங்கின. ஒரு மொழி இரண்டு தடவை இறந்தால் மிச்சம் இருப்பது பெயர்கள் மட்டும். அதுவும் காது கேட்டபடி வெள்ளைக்கார குமாஸ்தா எழுதியது: முனுசாமி, ராமசாமி, முத்து, நாகமுத்து எல்லாம் ஆங்கில எழுத்தில் அடையாளம் தெரியாமல் சுருண்டு கிடக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை காலை இந்தக் கிராமங்களில் நிற்கிறவருக்கு மட்டும் வேறொரு சாட்சியம் கிடைக்கும். தூரத்தில் தப்பு கேட்கும். தப்பேதான், அங்கேயும் அதற்குத் தப்பு என்றுதான் பெயர். வட்டச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய தோல், நெருப்பில் காய்ச்சி, இரண்டு குச்சியால் அடிப்பது. சத்தம் வரும் இடம் காளி கோயில். பேச்சுவழக்கில் அதற்கு 'காளி சர்ச்' என்று பெயர். வாரத்தில் தோட்ட வேலை இல்லாத ஒரே நாள் ஞாயிறு என்பதால் பூசையும் ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியது. உள்ளே கோயிலைக் குறிக்க இன்னும் 'கொய்லு' என்கிறார்கள். பூசாரி, உடுக்கை, கரகம், விபூதி எல்லாம் உச்சரிப்பு தேய்ந்து புழக்கத்தில் இருக்கின்றன. மாரியம்மா நடுவில். மதுரை வீரன், சங்கிலிக் கறுப்பன், முனீஸ்வரன், காட்டேரி எல்லோரும் சுற்றிலும். மதுரை வீரன் அங்கே 'மதரவீரன்'. நாகூர் ஆண்டவரைக்கூட விட்டுவிடவில்லை. சாமிகளின் வரிசையில் அவருக்கும் இடம் உண்டு. வேப்பிலை, எலுமிச்சை, மஞ்சள் தண்ணீர், சாமியாட்டம். தீராத நோயோடு வருகிறவர்களில் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் இருப்பார்கள். மாரியம்மா ஜாதகமோ இனமோ கேட்பதில்லை.

பாட்டுகள் தமிழ். பாடுகிறவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்தில் எழுதிவைத்த நோட்டுப் புத்தகத்திலிருந்தோ, கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்ததிலிருந்தோ பாடுகிறார்கள். சொல் எங்கே முடிகிறது என்று தெரியாததால் மூச்சு எங்கே முடிகிறதோ அங்கே வரி முடிகிறது. ஒரு தமிழ்ப் புலவர் கேட்டால் திருத்த ஆரம்பித்துவிடுவார். திருத்துவது அவ்வளவு சுலபமா என்பது வேறு கேள்வி. நூற்றைம்பது வருஷமாக அர்த்தத்தின் துணையில்லாமல் ஓசையை மட்டும் கைமாற்றிக் கொண்டுவந்தவர்களிடம், இது பிழை என்று எந்த வாயால் சொல்வது? அர்த்தம் தெரிந்த ஊரில் எத்தனை பாட்டுகளைத் தொலைத்திருக்கிறோம் என்ற கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பெங்களூர் தர்மராய சுவாமி கோயில் கரகத்தைப் பின்னிரவில் பார்த்தவர்களுக்கு, மொழி மாறிய பிறகும் சடங்கு எப்படி ஒரு சமூகத்தைச் சேர்த்துப் பிடிக்கிறது என்பது தெரியும்.

படித்த இந்து அமைப்புகள் இந்த வழிபாட்டை நெடுநாள் மட்டமாகப் பார்த்தன. ஆடு கோழி பலி, சாராயம், சாமியாட்டம் எல்லாம் அவர்களுக்குக் கூச்சம். அதையும் மீறி அது வளர்ந்தது. ஆல்பியன் கோயில் பூசாரி ஜேம்ஸி நாயுடுவிடம் பயின்றவர்கள் 1970-களில் ட்ரினிடாடில் இதற்கு மறுவாழ்வு கொடுத்தார்கள். கயானாவை விட்டுப் போனவர்களோடு இன்று நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியிலும் தப்பு ஒலிக்கிறது. சென்னையிலிருந்து புறப்பட்ட வாத்தியம் எந்தச் சங்கத்தின் உதவியும் இல்லாமல் இரண்டு கடல் தாண்டியிருக்கிறது. விம் கிராமத்து மீனவ மதராஸிகளின் வாழ்க்கையை நாவலாக எழுதிய மோசஸ் நாகமுத்து, 2015 முதல் 2020 வரை நாட்டின் பிரதமராகவும் இருந்தார். வம்சாவளியில் அவரும் அந்த மதராஸிகளில் ஒருவர்தான்.

அரசியல் இந்த நாட்டில் பெரும்பாலும் இனக் கணக்கு. 2012 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி இந்திய வம்சாவளியினர் 39.8 சதவிகிதம், ஆப்பிரிக்க வம்சாவளியினர் 29.3. ஒரே சேற்றை வெட்டியவர்களின் வாரிசுகளும் அதே சேற்றில் கரும்பு நட்டவர்களின் வாரிசுகளும் தேர்தல் வந்தால் எதிரெதிரே நிற்கிறார்கள். 1953-இல் ஜெகனின் முதல் அரசை 133 நாளில் பிரிட்டன் படையனுப்பிக் கலைத்தது. 1960-களின் கலவரங்களில் அடுத்தடுத்து வாழ்ந்தவர்கள் ஊர் மாறிப் போனார்கள். 1966-இல் சுதந்திரம். அதன் பின் வறுமையும் தேர்தல் மோசடியும் சேர்ந்து மக்களை நியூயார்க்குக்கும் டொரன்டோவுக்கும் விரட்டின. பூட்டிய வீடுகள், அமெரிக்காவிலிருந்து பேரலில் அடைத்து வரும் சட்டை, சோப்பு, பால்பவுடர்: ஒரு தலைமுறைக்கு இதுதான் கோரன்டைன் கரையின் அன்றாடம். 2017 கடைசியில் ஸ்கெல்டன், ரோஸ் ஹால், என்மோர் சர்க்கரை ஆலைகள் மூடப்பட்டு ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். ரோஸ் ஹால் மட்டும் பிறகு திறந்தது.

அந்தச் சமயத்தில்தான் கதை திரும்பியது. 2015 மே மாதம் கடலில் சுமார் 190 கிலோமீட்டர் தொலைவில் எக்ஸான்மொபில் எண்ணெய் கண்டுபிடித்தது. 2019 டிசம்பரில் உற்பத்தி தொடங்கியது. 2022-இல் நாட்டின் பொருளாதாரம் ஒரே வருஷத்தில் அறுபது சதவிகிதத்துக்கு மேல் வளர்ந்தது. அந்த ஆண்டு உலகில் எந்த நாடும் கிட்டே வரவில்லை. 2016-இல் போட்ட ஒப்பந்தத்தில் நாட்டுக்கு ராயல்டி வெறும் 2 சதவிகிதம், செலவு போக மிஞ்சும் லாபத்தில் பாதி. பேரம் சரியாகப் பேசவில்லை என்று இன்றும் சண்டை நடக்கிறது. நாட்டின் மூன்றில் இரண்டு பங்கான எஸக்கிபோ பகுதி தன்னுடையது என்று வெனிசுவேலா 2023 டிசம்பரில் வாக்கெடுப்பே நடத்தியது. 2024 நவம்பரில் நரேந்திர மோடி ஜார்ஜ்டவுன் போனார். 1968-இல் இந்திரா காந்தி போன பிறகு அங்கே சென்ற முதல் இந்தியப் பிரதமர். ஆள் பற்றாக்குறை உள்ள நாட்டுக்கு இந்தியாவிலிருந்து டாக்டர்களும் என்ஜினியர்களும் கட்டட வேலைக்காரர்களும் மறுபடியும் ஒப்பந்தத்தில் போகிறார்கள். அதே எண்ணெய்க் கம்பெனிக்கு பெங்களூரிலும் பெரிய அலுவலகம் இருக்கிறது.

போகிறவர்களில் எத்தனை பேருக்கு 2005 ஜனவரியைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள் என்று தெரியவில்லை. அந்த மாதம் மழை நிற்கவே இல்லை. கடல் ஏற்றத்தில் இருந்ததால் மதகைத் திறக்க முடியவில்லை. முன்னால் கடல், பின்னால் உடைந்துவிடும் என்று பயமுறுத்திய நீர்த்தேக்கக் கரை. நடுவில் ஜார்ஜ்டவுனும் கிழக்குக் கரைக் கிராமங்களும் வாரக்கணக்கில் தண்ணீரில் நின்றன. 34 பேர் இறந்தார்கள், சிலர் எலிக்காய்ச்சலில். நஷ்டம் நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய அறுபது சதவிகிதம். 2022 செப்டம்பரில் பெல்லந்தூர் பக்கம் டிராக்டரில் ஆபீஸ் போன பெங்களூர்க்காரர்களுக்கு இதில் ஒரு சிறு பகுதி புரியும். ஆனால் பெங்களூர் கடலிலிருந்து மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் தேங்கியது வாய்க்காலை நாமே அடைத்ததால். கயானாவில் வாய்க்கால் திறந்திருந்தாலும் கடல் சம்மதிக்க வேண்டும்.

அந்தக் கடல் உயர்ந்துகொண்டிருக்கிறது. காற்றில் கரியமிலவாயு கூடுவதால் உயர்கிறது. நாட்டுக்கு வாழ்வு தரும் எண்ணெயை எரிப்பதாலும்தான் அது கூடுகிறது. இந்த முரண்பாடு கயானாக்காரர்களுக்குத் தெரியாமல் இல்லை. நூறு ஆண்டு கரியைக் கக்கிப் பணக்காரர்களான தேசங்கள், தங்கள் முறை வரும்போது மட்டும் உபதேசம் செய்வதாக அவர்களுக்குக் கோபம். நியாயமான கோபம்தான். நாட்டின் காடுகள் உறிஞ்சும் கரிக்கு விலை வைத்து, 2022-இல் ஹெஸ் எண்ணெய்க் கம்பெனியிடமிருந்து 75 கோடி டாலருக்கு ஒப்பந்தமும் பெற்றுவிட்டார்கள். எண்ணெய்ப் பணத்தில் கடல் தடுப்பைப் பலப்படுத்துகிறார்கள், பம்புகள் வாங்குகிறார்கள், கண்டல் மரம் நடுகிறார்கள். உள்ளே மேட்டு மணல் பூமியில் 'சிலிக்கா சிட்டி' என்று புதிய நகரமும் எழுப்புகிறார்கள்.

தலைநகரமே மேட்டுக்குப் போகலாம் என்ற பேச்சு பழையது. போக முடிந்தவர்கள் போவார்கள். அலுவலகமும் வங்கியும் போகும். கோரன்டைன் கரையில் நெல் போடுகிறவரும் விம்மில் வலை வீசுகிறவரும் எங்கே போவது? மாரியம்மா கோயில்கள் எல்லாம் இந்தத் தாழ்ந்த கரையில்தான் இருக்கின்றன. ஒரு தடவை கடல் தாண்டி வந்த சாமிகளை மறுபடி மேட்டுக்குத் தூக்கிப் போவதா என்பதை அரசாங்கத்துத் திட்ட அறிக்கை எதிலும் எழுத முடியாது.

பெரிய பூசை மூன்று நாள் நடக்கும். அதில் கங்கம்மாவுக்கும் ஒரு பங்கு உண்டு. கங்கை அங்கே எந்த ஆறும் அல்ல. எதிரே கிடக்கும் அட்லான்டிக்தான். மஞ்சள் துணியும் வேப்பிலையும் சுற்றிய கரகத்தைத் தலையில் ஏற்றி, தப்புக்காரர்கள் முன்னால் போக, வாய்க்கால் கரையோடு ஊர்வலம் கடல் தடுப்புக்குப் போகிறது. தேங்காய், பூ, எலுமிச்சை, கற்பூரம். கடல் வற்றியிருக்கும் நேரம் பார்த்துத்தான் இறங்குகிறார்கள்; சேறு முழங்கால் வரை இழுக்கும். பூவைப் பழுப்புத் தண்ணீரில் விட்டுவிட்டு, அர்த்தம் தெரியாத அந்தப் பாட்டை முடிக்குமுன் எல்லோரும் கரையேறியாக வேண்டும். பக்கத்துக் கோக்கரில் மதகுக்காரர் பலகையை இறக்கத் தயாராகிக்கொண்டிருப்பார்.